மண்டிக்காரர் செய்யும் மூன்று வேலை

மதுரைக்குப் பக்கத்தில் பரவை காய்கறி மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டு ஊர் திரும்பும் விவசாயியின் சட்டைப் பையில் ஒரு சிட்டை இருக்கும். உள்ளங்கை அகலத் தாள்தான். எத்தனை பெட்டி, பெட்டி என்ன விலை, கமிஷன் எவ்வளவு, இறக்குக்கூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, கடைசியில் கைக்கு வந்தது எவ்வளவு. 'வேளாண் உணவு விநியோகச் சங்கிலியில் நீடித்த கூட்டுப் புத்தாக்கம்' என்று கருத்தரங்க பேனர்களில் எழுதிவைக்கிறார்கள். விளைவிப்பவர் முதல் வாங்குபவர் வரை பல தரப்பும் சேர்ந்து, நிலைத்து நிற்கும் புதுமை செய்வது என்று அர்த்தம். அந்த நீளமான தொடருக்குள் நுழைய இந்தச் சிட்டையைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

கணக்குக்கு ஒன்று வைத்துக்கொள்வோம். 15 கிலோ பெட்டி 20. அன்றைக்குக் கிலோ 10 ரூபாய் என்றால் மொத்தம் 3,000. நூற்றுக்குப் பத்து கமிஷன் போனால் 300. இறக்குக்கூலி பெட்டிக்கு 5 ரூபாய் வீதம் 100. வண்டி வாடகை பெட்டிக்கு 20 வீதம் 400. சிட்டையின் அடியில் 2,200 என்று எழுதியிருக்கும். காலையில் பறித்த நான்கு பேருக்குத் தலைக்கு 300 கூலி. அது சிட்டையில் வராது. அதையும் கழித்தால் 300 கிலோ தக்காளிக்கு மிச்சம் 1,000 ரூபாய். நாற்று, உரம், மருந்து, தண்ணீர் எல்லாம் அந்த ஆயிரத்துக்குள்தான். அதே தக்காளி நகரத்துத் தெருவில் தள்ளுவண்டியில் 25க்கோ 30க்கோ விற்கும்.

இது நானாகப் போட்ட உதாரணக் கணக்கு. ஆனால் நாடு முழுக்கப் பார்த்தவர்களின் கணக்கும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுத்தாள் ஒன்றின்படி, தக்காளிக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது 33 பைசா. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37.

இந்த எண்ணைக் கேட்டதும் எல்லோருக்கும், கமிஷன் வாங்கிக்கொண்டு காயை விற்றுத் தரும் மண்டிக்காரர் மேல்தான் கோபம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. இடைத்தரகரை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் மேடைகளில் அலுக்காமல் ஓடும் வசனம். ஆனால் விடிவதற்கு முன்னால் மார்க்கெட்டில் போய் நின்று பார்த்தால் அவர் என்ன செய்கிறார் என்பது தெரியும். சும்மா உட்கார்ந்து நூற்றுக்குப் பத்து வாங்குவதில்லை. மூன்று வேலை செய்கிறார்.

முதல் வேலை, முன்பணம். நடவு நேரத்தில், பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும் நேரத்தில், வீட்டில் விசேஷம் வரும் நேரத்தில் பத்திரமோ ஜாமீனோ கேட்காமல் கொடுக்கிறார். வட்டி என்று தனியாகச் சிட்டையில் போடுவதில்லை. 'காய் என் கடைக்குத்தான் வரணும்' என்பதுதான் நிபந்தனை. வட்டி விலையில் ஏறிவிடும். இரண்டாவது வேலை, கொண்டுவந்ததை எல்லாம் எடுத்துக்கொள்வது. பெருவட்டோ பொடியோ, அரைப்பழமோ முழுப்பழமோ, 20 பெட்டி வந்தாலும் 200 பெட்டி வந்தாலும் 'இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்ப மாட்டார். விலையை அடிப்பார், ஆனால் எடுத்துக்கொள்வார். நாளைக்குள் அழுகிப்போகும் பொருளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளைவித்தவருக்குத்தான் தெரியும். மூன்றாவது, சில்லறை வியாபாரிக்குக் கடன். தள்ளுவண்டி அக்கா காலையில் காயை எடுத்துப்போய், விற்றுவிட்டுச் சாயங்காலமோ மறுநாளோ காசு கொடுப்பார். அந்த ஒரு நாள் கடன் நின்றுபோனால் மதுரையில் பாதித் தெருக்களுக்குக் காய்கறி வராது.

ஆக, விநியோகச் சங்கிலியில் புதுமை செய்கிறேன் என்று யார் வந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த மூன்று வேலையில் எதை நீங்கள் செய்யப்போகிறீர்கள்?

இந்தக் கேள்வியை உழவர் சந்தையிடமே முதலில் கேட்டுப் பார்க்கலாம். ஏனென்றால் அது பிறந்ததே மதுரையில்தான். 1999 நவம்பர் 14 அன்று, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. நடுவில் ஆட்சி மாறியபோது சுணங்கியது, மறுபடி மாறியபோது எழுந்தது. அதன் அமைப்பு எளிமையானது. விவசாயி என்பதற்கு அடையாள அட்டை. வாடகை இல்லாத கடை. தராசு சந்தைக்காரர்களே கொடுப்பார்கள். விலையை ஒவ்வொரு நாளும் காலையில் பலகையில் எழுதிப்போடுவார்கள். மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே என்று நடுவில் ஒரு விலை. இயந்திரம் இல்லை, செயலி இல்லை. வருவாய்த்துறை, வேளாண்துறை, மாநகராட்சி, விவசாயி, வாங்குகிறவர் என்று ஐந்து தரப்பும் ஒரு இடத்தில் சேர்ந்து ஒரு நடைமுறைக்கு ஒத்துக்கொண்டதுதான் அதன் கண்டுபிடிப்பு. கூட்டுப் புத்தாக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உள்ளூர் உதாரணம் கிடையாது.

ஆனால் மூன்று வேலையில் அது எதைச் செய்கிறது? நேர்மையாகச் சொன்னால் எதையும் முழுதாகச் செய்வதில்லை. முன்பணம் இல்லை. விற்காததை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. காசு மட்டும் உடனே கிடைக்கும், ஏனென்றால் கடனே கிடையாது. அதற்கு விலையாக விவசாயி காலையிலிருந்து மதியம் வரை தராசின் முன்னால் உட்கார வேண்டும். முப்பது கிலோ கீரையோ கத்தரியோ கொண்டுவரும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகும். கணவர் வயலில் நிற்க, மனைவி சந்தைக்கு வருவார். முப்பது பெட்டித் தக்காளி வைத்திருப்பவர் அங்கே உட்கார்ந்து என்ன செய்வார்? அவர் பரவைக்குத்தான் போவார். உழவர் சந்தை தோற்றது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அது சின்ன அளவுக்கான ஏற்பாடு, அந்த அளவில் நன்றாகவே ஓடுகிறது.

பெரிய அளவுக்கு என்ன ஏற்பாடு? அதற்குத்தான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வந்தது. பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2002இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, விளைவிப்பவர்கள் மட்டுமே பங்குதாரராக இருக்கக்கூடிய, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்ற விதி கொண்ட கம்பெனி வகை ஒன்றை உருவாக்கினார்கள். தமிழ்நாடு அரசு 2017-18இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் கொண்டுவந்து, 100 சிறு, குறு விவசாயிகளை ஒரு குழுவாகச் சேர்த்து, பொதுவில் இயந்திரம் வாங்க 5 லட்ச ரூபாய் கொடுத்தது. மத்திய அரசு 2020 பிப்ரவரியில் 10,000 நிறுவனங்கள் அமைப்பது என்று அறிவித்தது. சமவெளியில் குறைந்தது 300 பேர். மூன்று ஆண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை. உறுப்பினர் போடும் பங்குப் பணத்துக்கு ஈடாக ஆளுக்கு 2,000 வரை, மொத்தம் 15 லட்சம் வரை மானியம்.

காகிதத்தில் எல்லாம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அப்புறம் அறுவடை வரும். கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் உறுப்பினரே தன் விளைச்சலை வெளி வியாபாரிக்குப் போட்டுவிட்டு வருவார். ஏன் என்று கேட்டால் "கம்பெனிக்குப் போட்டா பத்து நாள் கழிச்சுக் காசு வரும். அவர்கிட்ட போட்டா இப்பவே காசு, அதுவும் தை மாசம் வாங்கின பணத்தை யார் கழிக்கிறது?" என்பார்கள். இதைத் துரோகம் என்று சொல்கிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனி விலையை மட்டும் கூட்டிக் கொடுக்கிறது; மண்டிக்காரர் செய்யும் அந்த மூன்று வேலையையும் செய்வதில்லை. 18 லட்சத்தில் தலைமை நிர்வாகிக்கும் கணக்கருக்கும் சம்பளம் கொடுக்கலாம், ஆபீஸ் வாடகை கொடுக்கலாம். 300 பேரின் விளைச்சலை ஒரே வாரத்தில் ரொக்கம் கொடுத்து வாங்குவதற்கான நடைமுறை மூலதனம் அதில் கிடையாது. வங்கிக்குப் போனால் அடமானத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கம்பெனிக்கு நிலம் இல்லை, நிலம் உறுப்பினருடையது.

தக்காளியில் இந்தச் சிக்கலுக்குச் சீக்கிரம் விடை கிடைக்காது என்றே நினைக்கிறேன். காத்திருக்கத் தெரியாத பொருள் அது. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்செய் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தக்காளியில் 12.44 சதவீதமும் கொய்யாவில் 15.88 சதவீதமும் வயலுக்கும் கடைக்கும் நடுவிலேயே வீணாவதாகக் கணக்கிட்டார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது. விலை சரிந்து கிடக்கும் மாதங்களில் பறிப்புக்கூலிகூடத் தேறாது என்று செடியோடு விட்டுவிடுவதும், வண்டியோடு ரோட்டோரம் கொட்டுவதும் நடக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நிறுத்தி வைக்க முடியாதது.

நிறுத்தி வைக்க முடிகிற பொருளாக எடுத்தால் கதை மாறுகிறது. அதற்கு மதுரைக்குத் தென்மேற்கே போக வேண்டும்.

திருமங்கலம் தாண்டி டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் போனால் கரிசல் மண். வைகைக் கால்வாய் எட்டாத பூமி. புரட்டாசியில் மழையை நம்பி விதைத்து, தையில் அறுப்பார்கள். பருத்தி, சோளம், மக்காச்சோளம், அவற்றோடு குதிரைவாலி என்ற சிறுதானியம். நூறு நாளுக்குள் முடிந்துவிடும் பயிர். நெல்லைப்போலத் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டியதில்லை, மருந்துச் செலவும் பெரிதாகக் கிடையாது. பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுகிற எவரும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டிய பயிர். இருந்தும் பரப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. காரணம் வயலில் இல்லை, உரலில் இருந்தது.

குதிரைவாலியின் உமி கடினமானது, தானியம் பொடியானது. நெல் அரைக்கும் மில்லில் போட்டால் சரியாக வராது. உரலில் போட்டுக் குத்த வேண்டும்; குத்துவது வீட்டுப் பெண்கள். ரேஷன் அரிசி வீடு தேடி வந்த பிறகு, ஒரு வேளைச் சோற்றுக்காக மணிக்கணக்கில் உலக்கை பிடிக்க யார் தயாராக இருப்பார்கள்? விளைவித்தவர்களே சாப்பிடுவதை விட்டார்கள். தானியமாகவே வியாபாரியிடம் போட்டார்கள். அது லாரியில் ஏறி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மகாராஷ்டிரத்தின் நாசிக் வரை போகும். சிறுதானியம் உரிக்கும் பெரிய மில்கள் அங்கேதான் அதிகம். அரிசியாகித் திரும்பி வந்து மதுரை டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் பளபளவென்று உட்காரும். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உமியும் தவிடும். அதற்கும் சேர்த்துத்தான் லாரி வாடகை.

இந்த முடிச்சை அவிழ்க்க நடந்த முயற்சிதான் கூட்டு என்ற சொல்லுக்குப் பொருத்தமானது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தொண்டு நிறுவனமான தானம் அறக்கட்டளை, கனடா நாட்டு நிதி உதவியோடு 2011இல் சிறுதானியம் பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் களங்களில் ஒன்று பேரையூர். பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அறுவடைக்குப் பிந்தைய வேலைகளிலும் உணவுப் பொருள்களிலும் கவனம் வைத்த அடுத்த திட்டம் நடந்தது. கிராமத்து அளவுக்கு ஏற்ற உமி நீக்கும் இயந்திரங்களை மேம்படுத்தியது அதில் முக்கியமான பகுதி. இன்னொரு பக்கம் ஒத்தக்கடைக்கு அருகில், 1965 முதல் இயங்கும் மதுரை வேளாண்மைக் கல்லூரியிலிருந்து 'மதுரை 1' என்ற குதிரைவாலி ரகம் வந்தது.

இயந்திரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கிலி எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பது அங்கேதான் கண்ணில் தெரியும். பழைய முறை, கல்லில் உராயவிட்டு உமியைத் தேய்த்து எடுப்பது. உமியோடு தவிடும் போய், அரிசி வெள்ளையாகிவிடும். புதுமுறை இயந்திரத்தில் தானியம் வேகமாகச் சுழலும் தட்டிலிருந்து வீசப்பட்டு, சுற்றுச்சுவரில் மோதி உமி உடையும். தவிடு அரிசியிலேயே ஒட்டியிருக்கும். நல்லதுதான். ஆனால் மோதும் வேகத்தை ஒரு அளவுத் தானியத்துக்குத்தான் சரியாக வைக்க முடியும். பொடியும் பருமனும் கலந்து போட்டால் ஒன்று குருணையாகும், இன்னொன்று உமியோடு வெளியே வரும். எனவே முதலில் சலித்துப் பிரிக்க வேண்டும். கல் இருந்தால் இன்னும் மோசம்.

கல் எங்கிருந்து வருகிறது? தார் ரோட்டிலிருந்து. களம் இல்லாத ஊரில் அறுத்த கதிரை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறித் தானியம் உதிரும். கூலி மிச்சம், ஆனால் மண்ணும் பொடிக்கல்லும் சேர்ந்தே பொலியாகும். வாங்குகிறவர் அதைப் பார்த்ததும் மூட்டைக்கு இவ்வளவு என்று விலையைக் குறைப்பார். கனடாவிலிருந்து ஆராய்ச்சியாளர் வந்தாலும், கல்லூரி நல்ல விதை கொடுத்தாலும், பஞ்சாயத்தில் ஒரு சிமெண்ட் உலர்களம் இல்லையென்றால் இயந்திரம் கெடும், சோற்றில் கல் கடிபடும். நம் புத்தாக்கப் பட்டியல்களில் உலர்களத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. அதைப் பெருமையாகப் படம் எடுத்துப் போட முடியாது என்பதால் இருக்கலாம்.

இங்கே ஒரு பழைய மனிதரை நினைக்காமல் கடந்துபோக முடியவில்லை. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளை டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் கழித்தார். 1960 ஜனவரி 30இல், காந்தி இறந்த அதே தேதியில், மறைந்தார். 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். கைக்குத்தல் அரிசிக்காகவும், தீட்டி வெள்ளையாக்கும் மில்லுக்கு எதிராகவும் அந்தச் சங்கம் எவ்வளவோ பேசியது. தவிட்டோடு சாப்பிடு, ஊரிலேயே உரி, காசு ஊரில் தங்கட்டும் என்பதுதான் சாரம். இன்றைக்கு 'நீடித்த' என்று நாம் சொல்வதை அவர் நிலைத்த பொருளாதாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் உலக்கை யார் கையில் இருந்தது என்பதைக் கைக்குத்தல் பிரசாரம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். கிராமத்து மில் அந்தக் குறையைத் தீர்க்கிறது: தவிடும் தங்கும், பெண்களின் கையும் தேயாது.

தவிடு தங்குவதிலும் ஒரு வம்பு இருக்கிறது. தவிட்டில் எண்ணெய் உண்டு. சில வாரங்கள் போனால் சிக்கு வாடை வரும், வண்டு விழும். கடைக்காரர் ஆறு மாதம் அலமாரியில் இருக்கும் சரக்கைத்தான் கேட்பார். அதனால் பெரிய மில்காரர் தீட்டிவிடுகிறார். சத்து மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. சர்க்கரை நோய்க்காக நாம் காசு கூடக் கொடுத்து வாங்கும் குதிரைவாலியில் நார்ச்சத்து குறைந்துபோகிறது. இதைச் சரிசெய்ய மில்காரரால் மட்டும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும், அரைத்த தேதியைப் பாக்கெட்டில் போட வேண்டும், கடைக்காரர் மாதம் ஒரு முறைக்குப் பதில் வாரம் ஒரு முறை எடுக்க வேண்டும், வாங்குகிறவர் வெள்ளையாக இல்லை என்று முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். நாலு பேரில் ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மில் மறுபடி தீட்டும் கல்லுக்குத்தான் திரும்பும்.

தண்ணீர்ப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது தனிக் கட்டுரைக்கு உரியது. மதுரை வட்டாரத்தில் சேர்ந்து வேலை செய்வது புதிதல்ல. கண்மாய்க் கரையைக் கட்டுவதும், வரத்துக்கால் வெட்டுவதும், எந்த மடைக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முறை வைப்பதும் ஊர் கூடித்தான் நடந்தது. அந்த வழக்கத்தைத் தூசி தட்டி, தானம் அறக்கட்டளை கண்மாய்ப் பாசனக்காரர்களை வயலகம் என்ற பெயரில் சங்கங்களாகச் சேர்த்தது. ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தை அரசும் 2017இல் மீண்டும் தொடங்கியது. கண்மாயில் தண்ணீர் இல்லாத ஆண்டில் சரக்கு வராது. ஒரு ஆண்டு சரக்கு வராவிட்டால் வெளியூர் வாங்குபவர் அடுத்த ஆண்டு போனையே எடுக்க மாட்டார்.

செயலிகளைப் பற்றியும் கேட்பீர்கள். 2016 ஏப்ரல் 14இல் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தை, 2018இல் வந்த உழவன் செயலி இரண்டும் பயனுள்ளவை. வேறு ஊரில் என்ன விலை என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். ஆனால் திரையில் பார்த்து வாங்க வேண்டுமானால் மூட்டைக்குள் இருப்பது என்ன தரம் என்று நம்பத்தகுந்த ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும். கொப்பரைக்கும் தானியத்துக்கும் அது முடிகிறது. மற்றதற்கு இன்னும் கண்ணும் கையும்தான்.

சரி, மூன்று வேலைக்குத் திரும்புவோம். குதிரைவாலி தக்காளி இல்லை, காத்திருக்கும். உமியோடு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. இந்த ஒரு குணம் ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. அரசு மேற்பார்வையில் நடக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் என்று ஒன்று உண்டு. விளைபொருளைக் கிடங்கில் வைத்தால் மதிப்பில் 75 சதவீதம் வரை குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். விவசாயிக்குத் தையிலேயே கையில் காசு. தானியம் கிடங்கில் இருக்கும். உற்பத்தியாளர் நிறுவனத்தின் மில் வாரா வாரம் தேவையான மூட்டைகளை மட்டும் பணம் கட்டி எடுத்து அரைக்கும். நகரத்துக் கடைக்குப் புதுசாக அரைத்த அரிசி போகும். முன்பணமும், மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்வதும் இதில் வந்துவிடுகின்றன. அறுவடை முடிந்த இரண்டு மூன்று மாதம் மட்டும் ஓடிவிட்டு மற்ற மாதங்களில் பூட்டிக்கிடக்கும் மில்லுக்கு ஆண்டு முழுக்க வேலையும் கிடைக்கிறது.

மூன்றாவது வேலை, சில்லறைக் கடன், அப்படியே நிற்கிறது. அதற்கு மண்டிக்காரரைத்தான் கூப்பிட வேண்டும் என்பேன். எந்தத் தெருவில் எந்தக் கடைக்காரருக்கு எத்தனை நாள் தவணை கொடுக்கலாம் என்ற கணக்கு அவர் தலைக்குள் இருக்கிறது. எந்த மேலாண்மைப் பட்டதாரிக்கும் அது வர வருடங்கள் ஆகும். அவரை எதிரியாக வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி நடத்துவதைவிட, நூற்றுக்கு ஐந்தோ ஆறோ கொடுத்து நகரத்து விற்பனையை அவரிடம் விடுவது மலிவு. அவரும் ஒத்துக்கொள்வார், முதல் போடும் சுமை அவரிடமிருந்து இறங்குகிறதே.

இப்படி ஒரு ஏற்பாட்டைப் பேசும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். கிடங்குக்காரர் மட்டும் ஈரப்பதம் பார்க்கும் கருவியைக் கையில் எடுப்பார். நன்றாகக் காயாத, மண்ணும் கல்லும் கலந்த தானியத்தை உள்ளே விட அவருக்கு அனுமதி கிடையாது. ஆக வரும் தையில் பேரையூர்ப் பக்கம் எத்தனை ஊரில் கதிர் சிமெண்ட் களத்தில் காயும், எத்தனை ஊரில் பஸ் சக்கரத்தில் மிதிபடும் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.